வாளியில் சுற்றிய கம்பி

பண்ணைப் பேச்சில் கம்பிச் சுருளுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 1960-களில் ஏ.டி.டி. 27 நெல்லுக்குத் தஞ்சைப் பக்கத்தில் 'ரேடியோ நெல்' என்றே பெயர். திருச்சி வானொலி சொல்லி வயலுக்கு வந்த நெல் அது. அந்தப் பேச்சை நம் திண்ணைக்குக் கொண்டு வந்ததே ஒரு சுருள்தான்.

பழைய டிரான்சிஸ்டர் பெட்டி இருந்தால் முதுகைத் திறந்து பாருங்கள். கறுப்பாக ஒரு ஃபெரைட் குச்சியும், அதன்மேல் மெல்லிய செப்புக் கம்பியும் சுற்றியிருக்கும். மத்திய அலைக்கு அதுதான் ஏரியல். பக்கவாட்டில் வரும் அலையை அது நன்றாகப் பிடிக்கும். குச்சியின் முனை நிலையத்தைப் பார்த்து நின்றால் பிடிக்காது. பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்துச் செய்தி கேட்டோமே, அதன் காரணம் இதுதான்.

வாங்குவதற்கு விரல் நீளக் குச்சி போதும். அனுப்புவதற்கு? அதற்கு ஒரு கதை உண்டு.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா வானொலிச் சட்டம் கொண்டு வந்தது. பொழுதுபோக்காக அலை அனுப்பும் அமெச்சூர்கள் 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைகளைத் தொடக்கூடாது என்றது. அந்தக் காலத்தில் நீண்ட அலைதான் நஞ்சை. 200 மீட்டருக்குக் கீழே உள்ளதெல்லாம் தரிசு என்று பெரியவர்கள் எண்ணினார்கள். ஆனால் தரிசைப் பெற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 1923 நவம்பரில் சுமார் 110 மீட்டர் அலையில் அமெரிக்க அமெச்சூர்களும் பிரான்ஸ் நாட்டு அமெச்சூர் ஒருவரும் அட்லாண்டிக் கடலுக்கு இருபுறமும் இருந்து செய்தி பரிமாறிக்கொண்டார்கள். பிறகு அந்தத் தரிசுக்கு எல்லோரும் போட்டி போட்டார்கள்!

விட்டுப்போன நஞ்சையில் ஒரு துண்டு திரும்பக் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. 1996-இல் பிரிட்டன் 73 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் கொடுத்தது. 2007-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை அமெச்சூர்களுக்கும் பங்கு கொடுத்தது. வெளிவீசும் சக்தி 1 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை.

நிலம் வந்தது, ஏர் இல்லை. அந்த அலையின் நீளம் சுமார் 2200 மீட்டர். ஒழுங்கான ஏரியல் என்றால் அதில் கால்பங்கு, அதாவது 550 மீட்டர் உயரம் வேண்டும். ஸ்வீடனில் 1924-இல் வேலை தொடங்கிய கிரிமெட்டான் நிலையத்தைப் பாருங்கள். 127 மீட்டர் உயரத்தில் ஆறு கோபுரங்கள், சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிகள். அரசாங்கத்தால் முடியும். கொல்லையில் 10 மீட்டர் கம்பம் நட்டவர் என்ன செய்வார்?

சுருள் போட்டார். கிரிமெட்டானிலும் கோபுரங்களின் அடியில் பெரிய பெரிய சுருள்கள் உண்டு. அமெச்சூர்களுக்கு அந்த வசதி ஏது? பிளாஸ்டிக் வாளி, குப்பைத்தொட்டி, வடிகால் குழாய் என்று கைக்குக் கிடைத்ததன்மேல் நூற்றுக்கணக்கான சுற்றுகள் சுற்றினார்கள். அதைக் கம்பத்துக்கு அடியில் சேர்த்தார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? குட்டையான மூங்கில் கழியை நட்டு, நுனியை இழுத்து விடுங்கள், படபடவென்று ஆடும். நுனியில் ஒரு கல்லைக் கட்டி விடுங்கள், ஆட்டம் நிதானப்படும். குட்டைக் கம்பிக்குச் சுருள் அந்தக் கல் மாதிரி. மின்சாரத்துக்குப் பாரம் ஏற்றி, நீண்ட அலையின் நிதானத்துக்கு அதை ஆட வைக்கிறது.

ஆனால் ஒன்று. சுருள் ஆட்டத்தைத்தான் சரிசெய்யும், கம்பத்தை உயரமாக்காது. நூற்றுக்கணக்கான வாட் ஊட்டினாலும் வெளியே போவது சொற்பம். மீதி சுருளிலும் மண்ணிலும் சூடாகப் போய்விடும். சுருளின் மேல்முனையில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும், தொட்டால் ஆபத்து. மழை நனைத்தாலே சுருதி மாறிவிடும். ஆகவே பார்த்ததும் செய்துவிடாதீர்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் அலை அனுப்புவது குற்றமும் ஆகும்.

சக்தி குறைந்த இடத்தைப் பொறுமையால் நிரப்பினார்கள். மோர்ஸ் குறியில் ஒரு புள்ளிக்கே பல விநாடி எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல அனுப்பினார்கள். மறுமுனையில் கம்ப்யூட்டர் திரையில் அது கோடாகத் தெரியும். 2001-இல் இப்படித்தான் கனடாவும் இங்கிலாந்தும் 136 கிலோஹெர்ட்ஸில் கடல் தாண்டித் தொடர்பு கொண்டன. நாலு வார்த்தைக்கு நாள் கணக்கில் காத்திருந்தார்கள்.

அரை ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று என்னிடம் கேட்பவர்கள் அநேகம். அவர்களுக்கு நான் பொய் சொல்வதில்லை. வாளிச் சுருள் ஒருநாளும் கிரிமெட்டான் ஆகாது. ஆனாலும், இருக்கிற கம்பத்துக்கு ஏற்ற சுருளைச் சுற்றி, அதன் நிதானத்துக்குப் பொறுத்திருந்தவர்களின் குரல் கடல் தாண்டியது. இதை மட்டும் நினைவில் வையுங்கள்.