சீனக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையின் வரிசைமுறை

சீன மக்கள் குடியரசில் ஒரு தலைவரின் தரத்தைத் தீர்மானிப்பது அவர் வகிக்கும் அரசுப் பதவியன்று. கட்சியின் அரசியற்குழு நிலைக்குழுவில் அவருக்கு உள்ள இடமே. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடும் கட்சி மாநாடு முடிந்த மறுநாள், பெய்ஜிங்கில் செய்தியாளர்கள் முன் நிலைக்குழுவினர் தர வரிசையிலேயே நடந்து வருவர். 2022 அக்டோபரில் ஷி ஜின்பிங்கை அடுத்து இரண்டாவதாக வந்தவர் லி சியாங். அவர் பிரதமராக அறிவிக்கப்பட்டது மறு ஆண்டு மார்ச்சில்தான். ஆனால் யாருக்கும் அது செய்தியாக இருக்கவில்லை.

எந்தப் பதவிக்கு எந்த இடம் என்பது கட்டாயமன்று. 1998இல் பிரதமர் பொறுப்பிலிருந்து நாடாளுமன்றத் தலைமைக்கு மாறிய லி பெங், இரண்டாம் இடத்தைத் தம்மோடு எடுத்துச் சென்றார். புதிய பிரதமர் ஜூ ரோங்ஜி மூன்றாமவரானார். 2012இல்தான் இரண்டாம் இடம் மீண்டும் பிரதமர் பதவிக்குரியவரிடம் வந்தது.

நிலைக்குழுவுக்குக் கீழே இந்த நுணுக்கம் இல்லை. அரசியற்குழுவின் மற்றவர்கள் பெயர்கள், குடும்பப் பெயரின் எழுத்தில் எத்தனை கோடுகள் என்ற கணக்கில் அடுக்கப்படும். மத்தியக் குழுவின் மாற்று உறுப்பினர்களுக்கு மட்டும் வாக்கு எண்ணிக்கையே வரிசை. 1997இல் அப்பட்டியலின் கடைசிப் பெயர், 151ஆவது, ஷி ஜின்பிங்.

வரிசை குலைவது வீழ்ச்சியின் அறிவிப்பு. கலாசாரப் புரட்சி தொடங்கிய 1966 ஆகஸ்டில் மத்தியக் குழு கூடியபின் லியு ஷாவோசி இரண்டிலிருந்து எட்டாம் இடத்துக்கு இறங்கினார். ஆறில் இருந்த லின் பியாவ் இரண்டுக்கு ஏறினார். குடியரசுத் தலைவர் பதவி லியுவிடமே இருந்தது. அது அவரைக் காப்பாற்றவில்லை.

பட்டியலில் இல்லாதவரிடமும் அதிகாரம் இருக்கலாம். டெங் சியாவோபிங் 1987இல் அரசியற்குழுவை விட்டே விலகி, மத்திய இராணுவக் குழுத் தலைமையை மட்டும் வைத்துக்கொண்டார். முதலிடம் பொதுச்செயலாளர் ஜாவோ சியாங்குக்கு. ஆனால் முக்கியமான எதிலும் டெங்கைக் கேட்டே முடிவெடுப்பது என்று கட்சிக்குள் தீர்மானம் இருந்தது. 1989 மே மாதம் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் வந்தபோது ஜாவோவே அதை வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதம் அவர் நீக்கப்பட்டார். அதுவரை நிலைக்குழுவிலேயே இல்லாத ஷாங்காய்க் கட்சிச் செயலாளர் ஜியாங் செமின் நேராக முதலிடத்தில் அமர்த்தப்பட்டார்.