இசகாயாவில் யார் ஊற்றுவது?

'இசகாயா' என்ற ஜப்பானியச் சொல்லைப் பிரித்தால் 'இருந்து குடிக்கும் மதுக்கடை' என்று பொருள் வரும். அந்த 'இருந்து' என்ற சொல்தான் முக்கியம். மதுக்கடை என்பது அதற்கு முன்பு பாத்திரத்தை நீட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற இடம். எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், சிலர் வாங்கிய இடத்திலேயே குடிக்கத் தொடங்கினார்கள். கடைக்காரர்கள் தொட்டுக்கொள்ள ஏதாவது கொடுத்தார்கள். காண்டா பகுதியில் 1596இல் தொடங்கிய தோஷிமாயா என்ற கடை, சாகேயை மலிவாக விற்றதற்கும் மிசோ தடவிச் சுட்ட டோஃபுவைப் பெரிய துண்டுகளாகக் கொடுத்ததற்கும் பேர் போனது. 1811இல் எடுத்த ஒரு கணக்கின்படி எடோவில் 1,808 இசகாயாக்கள் இருந்தன.

ஒரே ஊரில் இத்தனை கடைகள் ஏன்? எடோ ஆண்களின் ஊர். 1635இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மாகாணப் பிரபுக்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு எடோவில் வந்து தங்க வேண்டும். பிரபுக்களின் மனைவியர் எடோவிலேயே பணயம்போல வைக்கப்பட்டார்கள். பிரபுக்களோடு வந்த சாமுராய்களின் மனைவியரோ ஊரிலேயே விடப்பட்டார்கள். ஒருத்தி ஊர் திரும்ப முடியாது, இன்னொருத்தி ஊரைவிட்டு வர முடியாது. இவர்களோடு கட்டட வேலைக்கும் சுமை தூக்கவும் வந்த கூலித் தொழிலாளிகளும் சேர்ந்தார்கள். 1721இல் எடுத்த கணக்கில் சாமுராய்களைச் சேர்க்காமலே நகரவாசிகள் சுமார் 5 லட்சம்; அதில் ஆண்கள் 3,20,000க்கும் மேல், பெண்கள் 1,80,000க்கும் குறைவு. வீட்டில் அடுப்பு மூட்ட மனைவி இல்லாத ஆண்களுக்காக ஒரு நகரமே தெருவில் அடுப்பு மூட்டியது என்று நான் இந்த வரலாற்றைப் படிக்கிறேன்.

பெண்களுக்கு இதில் என்ன கிடைத்தது? அதற்கும் தோஷிமாயாவில் ஒரு விடை இருக்கிறது. மார்ச் 3ஆம் நாள் பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருவிழா. அதற்கு முன்னால் அந்தக் கடை 'ஷிரோசாகே' என்ற கெட்டியான, இனிப்பான வெள்ளை மதுவை விற்கும். கூட்டம் அலைமோதும். அன்று வழக்கமான சாகே விற்பனையையே நிறுத்தி வைப்பார்கள். 1830களில் வெளிவந்த 'எடோ மெய்ஷோ சூயே' என்ற படத் தொகுப்பில் அந்த நெரிசலைப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை, இனிப்பாக, வீட்டுக்குள் வைத்து: பெண்ணுக்கு ஊர் ஒப்புக்கொண்ட குடி அவ்வளவுதான்.

சாகே வடிக்கும் கூடத்துக்குள்ளும் பெண்கள் நுழையக் கூடாது என்ற விலக்கு நெடுங்காலம் இருந்தது. தீட்டு என்றார்கள்; இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தலைமை வடிப்பாளரைக் குறிக்கும் 'தோஜி' என்ற சொல், வீட்டுத் தலைவியைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்தது என்றொரு கருத்து உண்டு. மது வடிப்பது ஒரு காலத்தில் பெண்களின் வேலையாக இருந்து பிறகு பறிபோனதென்றால், பறித்தவர்கள் பட்டத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள் என்றாகிறது.

1911இல் ஹிராட்சுகா ரைச்சோவும் தோழிகளும் 'செய்டோ' என்ற பெண்கள் இதழைத் தொடங்கினார்கள். அன்றைய சட்டத்தில் பெண்கள் அரசியல் கூட்டத்துக்குப் போவதே குற்றம். 1900இல் வந்த அந்தத் தடை கூட்டங்களைப் பொறுத்தவரை 1922இல்தான் நீங்கியது. 1912இல் இதழின் இளம் உறுப்பினரான ஓட்டாகே கோகிச்சி, 'மெசோன் கோனோசு' என்ற மதுக்கூடத்துக்குப் போய்வந்து, அங்கே கண்ணாடிக் கோப்பையில் அடுக்கடுக்காக ஊற்றப்பட்ட ஐந்து நிற மதுவைப் பற்றி இதழில் எழுதினார். பத்திரிகைகள் குதித்தன. இதே பெண்களில் சிலர் யோஷிவாராவுக்குப் போய், அங்கிருந்த பாலியல் தொழிலாளி ஒருவரைச் சந்தித்துப் பேசியது அடுத்த செய்தியானது. கோகிச்சி உண்மையில் குடித்தாரா, பார்த்துவிட்டு வந்தாரா என்பது யாருக்கும் பொருட்டாக இல்லை. யோஷிவாராவுக்கு நாள்தோறும் போய்வந்த ஆண்களைப் பற்றி எந்தத் தலைப்புச் செய்தியும் வரவில்லை. சில மாதங்களில் கோகிச்சி குழுவிலிருந்து விலகினார்.

குடிக்கும் பெண் செய்தியானாள். ஊற்றிக் கொடுக்கும் பெண் யார் கண்ணையும் உறுத்தவில்லை. 1920களில் பெருகிய கஃபேக்களில் 'ஜோக்யூ' எனப்பட்ட பரிமாறும் பெண்கள் பலருக்குச் சம்பளமே கிடையாது. வாடிக்கையாளர் தரும் இனாம்தான் வருமானம். அதாவது சிரிப்புக்குத்தான் கூலி. அந்த வேலையைச் செய்து, பசியோடு நாட்குறிப்பு எழுதியவர்களில் ஒருவர் ஹயாஷி ஃபுமிகோ. அந்தக் குறிப்புகளிலிருந்து உருவான 'ஹோரோகி' 1930இல் நூலாகி அவரைப் புகழ்பெற்ற எழுத்தாளராக்கியது.

இன்றைய சிறிய இசகாயாவுக்கு வருகிறேன். கடை வாசலில் சிவப்புக் காகித விளக்கு தொங்கும். (சிவப்பு விளக்கு என்றதும் நம் ஊரில் மனம் போகும் இடம் வேறு. அங்கே அது மலிவான குடிக்கும் சாப்பாட்டுக்கும் அடையாளம்.) துணித் திரையை விலக்கி உள்ளே போனால் எட்டுப் பத்துப் பேர் உட்காரும் நீள மர மேடை. கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும், 'ஒதோஷி'. அதற்கும் காசு உண்டு. மேடைமேல் பெரிய தட்டுகளில் மதியமே சமைத்து வைத்த கூட்டுகள். எனக்குப் பிடித்தது நிகுஜாகா, உருளைக்கிழங்கும் இறைச்சியும் சோயாவில் இனிப்பாக வெந்தது. இந்த வகைச் சமையலை 'ஒஃபுகுரோ நோ அஜி', அம்மா கைப்பக்குவம், என்பார்கள். 'ஒஃபுகுரோ' என்பது மகன்கள் அம்மாவைக் குறிப்பிடும் சொல். மகள்கள் பொதுவாக அப்படிச் சொல்வதில்லை. ஆக, அந்த ருசிக்கு ஏங்குபவன் யாரென்று பெயரிலேயே எழுதியிருக்கிறது. மகளுக்கு அது ஏக்கமல்ல, கற்றுக்கொள்ள வேண்டிய வேலை.

மேடைக்குப் பின்னால் நிற்பவர் 'ஒகாமி', கடைக்காரப் பெண்மணி. பல கடைகளில் அவர் அணிவது கப்போகி: கிமோனோவின் அகலக் கைகளையும் மூடும் வெள்ளை மேலங்கி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டோக்கியோவின் அகாபோரி சமையல் பள்ளியில் உருவானது. 1932இல் ஒசாகாவில் தொடங்கிய தேசப் பாதுகாப்புப் பெண்கள் சங்கம் இதே கப்போகியைச் சீருடையாக்கிக்கொண்டது. ரயில் நிலையங்களில் வெள்ளை மேலங்கியோடு வரிசையாக நின்று, போருக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுத்து வழியனுப்பினார்கள். அடுக்களையின் உடை போர்முனைக்கு அனுப்பி வைக்கும் தாயின் உடையானது. போர் முடிந்ததும் அது மறுபடி அடுக்களைக்குத் திரும்பியது. இசகாயாவின் மங்கலான ஒளியில் அந்த வெள்ளை உடையைப் பார்த்து 'வீட்டுக்கு வந்ததுபோல இருக்கிறது' என்று சொல்கிற எவரும் இதையெல்லாம் நினைப்பதில்லை. நினைத்தால் சாகே இறங்காது.

போருக்குப் பிறகு கணவனை இழந்த பெண்கள் பலருக்குச் சின்னஞ்சிறு சாப்பாட்டுக்கடையும் மதுக்கடையும் பிழைப்புக்கு வழியாயின. முதல் அதிகம் வேண்டாம், சமைக்கத் தெரிந்தால் போதும். ஷிஞ்சுகுவின் கோல்டன் காய் சந்தில் இன்று நெருக்கியடித்து நிற்கும் குட்டி மதுக்கூடங்கள் முன்பு உரிமமில்லாத பாலியல் தொழில் நடந்த வீடுகள். விபசாரத் தடைச் சட்டம் 1956இல் நிறைவேறி 1958இல் முழுமையாக அமலானதும் அவை மதுக்கூடங்களாயின. இங்கேதான் நான் சில தோழிகளிடமிருந்து மாறுபடுகிறேன். ஒகாமியைச் சுரண்டப்படும் தாயுருவாக மட்டும் பார்க்க எனக்கு மனமில்லை. சாவி அவர் கையில், கல்லாவும் அவர் கையில். குடித்துவிட்டு எல்லை மீறுபவனை 'போதும், வீட்டுக்குப் போங்கள்' என்று அனுப்பும் அதிகாரமும் அவருக்கு உண்டு. ஒரு கம்பெனியில் அதே வயதுப் பெண்ணுக்கு அது கிடைத்திருக்காது.

கம்பெனிப் பெண்ணின் கதை வேறு. அலுவலகம் முடிந்து கூட்டாகக் குடிக்கப் போவது அங்கே வேலையின் நீட்சி. தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வது மரியாதையில்லை, பிறருக்கு ஊற்ற வேண்டும் என்பது வழக்கம். நடைமுறையில் மேலாளர் பக்கத்தில் இளம்பெண்ணை உட்காரவைத்து ஊற்றச் சொல்வதாக அது முடிந்தது. சம வேலைவாய்ப்புச் சட்டம் 1985இல் வந்தது. அதில் பாலியல் தொல்லை பற்றி ஒரு வரி இல்லை. 1989இல் ஃபுகுவோகாவில் ஒரு பெண் தொடுத்த வழக்குதான் அந்தச் சொல்லையே ஜப்பானுக்குப் பழக்கியது. 1992இல் அவர் வென்றார். வேலை கொடுப்பவரின் பொறுப்பு சட்டத்தில் ஏறியது 1997 திருத்தத்தில்.

இதற்கு நடுவே 1990இல் 'ஒயாஜி கியாரு' என்ற சொல் பிரபலமானது. கேலிச்சித்திரக் கலைஞர் சூசோன்ஜி யுட்சுகோ உருவாக்கியது. நடுத்தர வயது ஆண்போல இசகாயாவில் குடித்து, கோல்ஃப் ஆடும் இளம்பெண் என்று பொருள். சொந்தக் காசில் குடிக்கும் பெண்ணுக்கு மொழியில் தனிச்சொல் இல்லை; ஆணின் பெயரைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. 2010இல் 'ஜோஷிகாய்', பெண்கள் மட்டும் கூடும் விருந்து, அந்த ஆண்டின் பத்துச் சொற்களில் ஒன்றானது. கடைகள் அதற்கென இனிப்போடு தனிப் பட்டியல் போட்டன. மறுபடி இனிப்பு!

டோக்கியோவில் நான் இருந்த பகுதியில் எழுபது வயதைத் தாண்டிய ஒகாமி ஒருவர் தனியாகக் கடை நடத்தினார். நான் தனியாகப் போனால் கல்லாவுக்கு அருகே, சுவரோர இருக்கையைக் கைகாட்டுவார். பக்கத்து இருக்கைக்காரர் ஒருநாள் என் கோப்பையில் ஊற்ற வந்தபோது, அடுப்பிலிருந்து திரும்பாமலே, "அவங்க தானே ஊத்திக்குவாங்க" என்றார். அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

2021 ஜனவரியில் தொற்றுக்கால அவசரநிலையில் இரவு 8 மணிக்குக் கடையடைக்கச் சொன்னது அரசு. இணங்கிய கடைக்கு நாளொன்றுக்கு 60,000 யென் கொடுத்தது. பணம் கடைக்குத்தான். பெரிய சங்கிலிக் கடைகளில் மணிக்கணக்கில் கூலி வாங்கிப் பரிமாறிய பெண்களுக்கு வேலைநேரம் குறைந்தது, கூலியும் குறைந்தது. எங்கள் தெரு ஒகாமிக்கு அந்தத் தொகை வழக்கமான வசூலைவிட அதிகம். அந்த மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று பிறகு கேட்டேன். "ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்து சாப்பிட்டேன்," என்றார், "நாற்பது வருஷத்துல முதல் தடவை." யார் சமைத்தது என்று கேட்டேன். தன் கையைத் தூக்கிக் காட்டினார்.