அறுவை அறையிலிருந்து ஆற்றுக்கு

பிரசவத்துக்கென்றே ஒரு சாமியை வைத்திருக்கும் ஊர் திருச்சி. காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் நின்றுவிட, நிறைமாத ரத்னாவதிக்குச் சிவனே தாய் வேடத்தில் வந்து பிள்ளைப்பேறு பார்த்தார் என்பது மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை. சுகப்பிரசவம் வேண்டி இன்றும் அங்கே வாழைத்தார் காணிக்கை வைக்கிறார்கள். ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் படித்துறையிலோ, ஆடிப்பெருக்கன்று காவிரிக்கே மசக்கை என்று சித்ரான்னம் படைக்கிறார்கள்.

அந்தக் காவிரித் தண்ணீரைத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பாபு ராஜேந்திரன் ராமசாமியும் குழுவினரும் எடுத்துச் சோதித்தார்கள். வெள்ளாறு, தாமிரபரணி, பிச்சாவரம் சதுப்புக்காட்டு நீரும் கூடவே. முடிவு 2011-இல் வெளிவந்தது: சோப்பிலும் பற்பசையிலும் போடும் ட்ரைக்ளோசான் என்ற கிருமிநாசினி அவற்றில் கலந்திருந்தது. தாமிரபரணியில் சராசரி லிட்டருக்கு 944 நானோகிராம். ஆலைக்கழிவு காரணமாயிருக்கலாம் என்றார்கள். மற்ற ஆறுகளில் அதைவிட மிகக் குறைவு. உண்மையில், ஒரு கர்ப்பிணியின் உடம்புக்குள் இந்தப் பொருள் போவது பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீரால் அல்ல. தினமும் தேய்க்கிற தோலாலும் கொப்பளிக்கிற வாயாலும் போகிறது. ஆறு சாட்சி மட்டும்தான்.

ட்ரைக்ளோசான் பிறந்த இடம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் குணத்தைக் கண்டு 1948-இல் நோபல் பரிசு வாங்கிய பால் முல்லர் வேலை பார்த்த கெய்கி கம்பெனிதான் பெற்றவர். காப்புரிமை 1964-இல். மூன்று குளோரின் அணுக்களைச் சுமந்த வெள்ளைத் தூள். அறுவைக்குப் போகும் மருத்துவர் முழங்கை வரை கை கழுவும் நீர்மத்தில் சேர்ப்பதற்கு ஏற்ற சரக்கு.

அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார்: ஹெக்ஸாகுளோரோஃபீன். மேலை நாட்டு ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவதே அதில்தான். பச்சைக் குழந்தையின் தோல் வழியாக அது ரத்தத்துக்குள் இறங்கி மூளையைத் தொடுகிறது என்று தெரியவந்தபோது, 1971 கடைசியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மறு ஆண்டே பிரான்சில் பேரிடி. மோரான்ஜ் என்ற குழந்தைப் பவுடரில் ஆலைத் தவறால் 6 சதவீத ஹெக்ஸாகுளோரோஃபீன் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் இறந்தார்கள். பெரியவன் வெளியேற, தம்பி உள்ளே வந்தான். ட்ரைக்ளோசான் ஆஸ்பத்திரிப் புழக்கத்துக்கு வந்ததும் அதே 1972 வாக்கில்தான்.

ஆஸ்பத்திரியோடு நின்றிருந்தால் இந்தக் கதையை எழுதவே வேண்டியதில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அது குளியலறைக்கு வந்தது. சோப்பு, பற்பசை, வியர்வை நாற்றத்துக்கான பூச்சு, காய்கறி நறுக்கும் பிளாஸ்டிக் பலகை என்று எதிலும் ஏறி உட்கார்ந்தது. ‘கிருமியைக் கொல்லும்’ என்று ஒரு வரி போட்டால் விலையைக் கூட்டலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்த வரிக்கு மயங்காதவர் யார்? எப்படிக் கொல்கிறது என்பதே 1998-இல்தான் துலங்கியது. பாக்டீரியா கொழுப்பு அமிலம் செய்யப் பயன்படுத்தும் ஒரு நொதியைக் குறிபார்த்து அடைக்கிறது. அப்படியென்றால் நொதியை மாற்றிக்கொண்டு கிருமி தப்பிக்கவும் வழி உண்டு.

நியூயார்க்கின் புரூக்ளினில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2014-இல் வந்தது. சோதித்த எல்லாப் பெண்களின் சிறுநீரிலும் ட்ரைக்ளோசான். எடுத்த தொப்புள்கொடி ரத்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதியிலும் அது இருந்தது. உடம்பு இதைச் சேர்த்து வைப்பதில்லை, ஓரிரு நாளில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். எல்லாரிடமும் இருந்தது என்றால் எல்லாரும் தினமும் புதிதாக வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று பொருள். எலிகளில் இது தைராய்டு சுரப்பைக் குறைக்கிறது. கருவின் மூளை முதல் மாதங்களில் தாயின் தைராய்டையே நம்பியிருக்கிறது என்பதால்தான் கவலை. மனிதரில் ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. தீங்கு நிரூபணமாகிவிட்டது என்று எழுதுகிறவரையும், ஒன்றுமே இல்லை என்று விளம்பரம் செய்கிறவரையும் நான் நம்புவதில்லை.

2016 செப்டம்பரில் அமெரிக்கா, வீட்டில் கைகழுவவும் குளிக்கவும் விற்கும் கிருமிநாசினிச் சோப்புகளில் ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களைத் தடை செய்தது. தீங்கு உறுதியானதால் அல்ல. சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும் விட இவை மேல் என்றோ, வருடக்கணக்கில் தினமும் தேய்த்தால் ஆபத்தில்லை என்றோ தயாரிப்பாளர்களால் காட்ட முடியவில்லை. இந்த விதியின் முதல் வரைவு 1978-இல் வந்தது. அந்த ஆண்டு பிறந்த பெண் தாயாகி, அவள் பிள்ளை கல்லூரிக்குப் போகும் காலம் வரை கோப்பு தூங்கியிருக்கிறது.

தடைப்பட்டியலில் சேராமல் மூன்று பொருள்கள் தப்பின: பென்சால்கோனியம் குளோரைடு, பென்செத்தோனியம் குளோரைடு, குளோரோசைலெனால். கூடுதல் ஆதாரம் காட்ட ஓராண்டு தந்தார்கள். பிறகு அதை நீட்டிக்கொண்டே போனார்கள். ட்ரைக்ளோசான் காலி செய்த இடத்தில் பல சோப்புகளில் ஏறியிருப்பது பென்சால்கோனியம். குளோரோசைலெனால் நமக்குப் புதிதல்ல, பிள்ளை பெற்ற வீட்டில் துணி அலசும் வாளியில் மூடியால் அளந்து ஊற்றும் டெட்டாலில் இருப்பது அதுதான்.