விலையும் சுவையும்: வீட்டு பீரின் இரண்டு தொடக்கங்கள்

1963 ஏப்ரலில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டத்தில் ஒரு சிறு சலுகையும் இருந்தது. விற்காமல், தான் குடிப்பதற்காக மட்டும் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர் இனி உரிமம் வாங்க வேண்டாம், வரியும் கட்ட வேண்டாம். இதே உரிமைக்கு அமெரிக்கர்கள் மேலும் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியா செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் முன்நின்று சேர்த்த திருத்தத்தோடு வந்த மசோதாவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டார். 1979 பிப்ரவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இரு நாட்டிலும் பொருள்கள் ஒன்றுதான்: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட், ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். தொடங்கியவர்கள் மனதில் இருந்த காரணம்தான் வேறு. பிரிட்டனில் மலிவாகக் குடிக்க வேண்டும் என்ற எண்ணம் முன்னே நின்றது. அமெரிக்காவில் கடையில் கிடைக்காத பீரைக் குடித்துப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம். முதல் வாளியில் என்ன போடுகிறோம் என்பதையும், இருபது முப்பது ஆண்டு கழித்து அந்த நாட்டில் என்ன விதமான பீர் விற்கிறது என்பதையும் இந்த வேறுபாடு பாதித்திருக்கிறது. இன்று புதிதாகக் காய்ச்சத் தொடங்குபவர் எந்த வழியில் போவது என்பதையும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே முடிவு செய்யலாம் என்பது என் எண்ணம்.

பிரிட்டனில் பண்ணை வீடுகளிலும் குடிசைகளிலும் பீர் காய்ச்சுவது ஒரு காலத்தில் ரொட்டி சுடுவதற்கு இணையான வீட்டு வேலை. 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் மீதிருந்த வரியை நீக்கி, பீர் மீதே வரி விதித்தார். அதோடு வீட்டில் காய்ச்சுகிறவர்களும் உரிமம் பெற வேண்டியதாயிற்று. எண்பத்து மூன்று ஆண்டுகள் அது நீடித்தது. மாட்லிங் கதவைத் திறந்தபோது, பாட்டியிடமிருந்து பேத்திக்கு வர வேண்டிய கைப்பழக்கம் பெரும்பாலும் அற்றுப்போயிருந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் இரு சாரார். ஒருபுறம் வீட்டில் ஒயின் போடும் குழுக்கள். எல்டர் பழத்திலும் பார்ஸ்னிப் கிழங்கிலும் ஒயின் செய்து பழகியிருந்த அவர்கள் பீரையும் ஒரு கிளையாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஒயின்காரர்களுக்கான பத்திரிகையை நடத்திவந்த சி. ஜே. ஜே. பெர்ரி, வீட்டு பீர் பற்றிய தம் கையேட்டை அந்த 1963ஆம் ஆண்டே வெளியிட்டார். மறுபுறம் மால்ட் சாற்று நிறுவனங்கள். அவை தகர டின்னோடு வந்தன. எழுபதுகளில் பூட்ஸ் மருந்துக்கடைக்குப் போனால் இருமல் மருந்தோடு ஒரு பீர் டின்னையும் வாங்கி வரலாம்.

அந்த டின்னின் செய்முறை எளிது. உள்ளே ஏறக்குறைய ஒன்றரை கிலோ கெட்டியான மால்ட் சாறு இருக்கும். ஹாப்ஸின் கசப்பும் அதிலேயே ஏற்றப்பட்டிருக்கும். அதை வாளியில் ஊற்றி, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, வெந்நீரில் கரைத்து, மேலே குளிர்ந்த நீர் விட்டு நாற்பது பைண்ட், அதாவது சுமார் 23 லிட்டர் ஆக்க வேண்டும். மூடிக்கடியில் இருக்கும் சிறு ஈஸ்ட் பொட்டலத்தைத் தூவினால் வேலை முடிந்தது. கடையில் வாங்கிய பொடியில் ரசம் வைப்பதுபோல அரைமணி நேரத்துக் காரியம். பணவீக்கம் வாட்டிய அந்தப் பத்தாண்டில், பப்பில் கொடுக்கும் விலையில் சிறு பங்குக்கு ஒரு பைண்ட் கிடைத்தது என்றால் ஏன் வாங்க மாட்டார்கள்?

ஆனால் குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். "வீட்டு பீர்" என்றாலே ஒரு வாடை உண்டு என்ற பெயர் பிரிட்டனில் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம். மூன்றுமே மலிவிலும் அவசரத்திலும் பிறந்தவை. மால்ட் சாற்றில் ஈஸ்ட் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின்கள் மிஞ்சும். பீருக்கு உடம்பு தருவது அவைதான். வெள்ளைச் சர்க்கரையை ஈஸ்ட் முழுதாகத் தின்றுவிடும்; போதை ஏறும், நாக்கில் ஒன்றும் தங்காது. டின்னில் உள்ள திரவச் சாறோ மாதங்கள் போகப் போகக் கறுத்து, ஒருவித மட்கிய இனிப்பு ஏறிவிடும். கடை அலமாரியில் அது எத்தனை நாள் கிடந்ததோ யாருக்குத் தெரியும். மூன்றாவதுதான் முக்கியம் என்பேன். வெந்நீர்த் தொட்டியை ஒட்டித் துணி உலர்த்தும் சிறு அலமாரி பிரிட்டிஷ் வீடுகளில் இருக்கும். சீக்கிரம் புளிக்கட்டும் என்று பலர் வாளியை அதற்குள் வைத்தார்கள். 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் போனால் ஏல் எனும் பீர் வகைக்கான ஈஸ்ட் பழவாடையையும் தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்களையும் உண்டாக்கும். 18 முதல் 20 டிகிரிக்குள் நிதானமாகப் புளித்திருந்தால் அதே டின்னிலிருந்தே கௌரவமான பீர் வந்திருக்கும்.

அமெரிக்கர்களும் இந்தக் கட்டத்தைக் கடந்து வந்தவர்கள்தான். அவர்களுடையது சட்டத்துக்கு வெளியே நடந்தது. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, பீர் விற்க முடியாத பெரிய ஆலைகள் மால்ட் பாகு விற்றன. ரொட்டிக்கும் பலகாரத்துக்கும் என்றுதான் பெயர். வாங்கியவர்கள் அதைச் சர்க்கரையோடும் ரொட்டி ஈஸ்ட்டோடும் சேர்த்துப் புளிக்கவைத்தார்கள். மதுவிலக்கு நீங்கியபின் வீட்டில் ஒயின் செய்ய இடம் கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. அப்போது தொடங்கி 1979 வரை வீட்டு பீர் மறைவில்தான் வாழ்ந்தது.

அந்த இடைக்காலத்தில் நாட்டின் பீரே மாறிப்போனது. ஆலைகள் ஒன்றையொன்று விழுங்கி, எழுபதுகளின் இறுதியில் நாடு முழுவதும் நூற்றுக்கும் குறைவான ஆலைகளே மிஞ்சின. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வகை மெல்லிய லாகர் பீரையே செய்தன. ஐரோப்பாவில் போர்ட்டர், பிட்டர் வகை பீர்களைக் குடித்துவிட்டுத் திரும்பிய ஒருவருக்கு ஊரில் அவற்றை வாங்க வழியில்லை. பிரிட்டிஷ்காரருக்கு இந்தக் குறை இல்லை. 1971இல் பிறந்த காம்ரா இயக்கம் பீப்பாய் ஏலை அழியாமல் காக்கப் போராடிக்கொண்டிருந்தது. தெருமுனைப் பப்பில் நல்ல பிட்டர் கிடைத்தது. வீட்டில் காய்ச்சுவதற்கு அவருக்கு மிஞ்சிய பெரிய காரணம் விலைதான். ஆகவே பிரிட்டிஷ்காரர் கஞ்சர், அமெரிக்கர் ரசிகர் என்று பிரிப்பது நியாயமாகாது. பக்கத்தில் என்ன கிடைத்தது என்பதுதான் இருவரையும் பிரித்தது. பிரிட்டனிலும் டேவ் லைன் போன்றவர்கள் இருந்தார்கள். மின்பொறியாளரான அவர் 1974இல் எழுதிய பெரிய கையேடு, டின்னை விட்டு மால்ட் தானியத்திலிருந்தே தொடங்கக் கற்றுக்கொடுத்தது. 1978இல் வந்த அவருடைய அடுத்த நூல் பப்பில் விற்கும் பீர்களை வீட்டில் அப்படியே செய்வது எப்படி என்று சொன்னது. அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அந்த உச்சத்திலும் இலக்கு ஏற்கெனவே இருப்பதை எட்டுவதாகவே இருந்தது.

அமெரிக்காவில், கொலராடோவின் போல்டரில் சார்லி பபாஸியன் என்ற பள்ளி ஆசிரியர், சட்டம் மாறும் முன்பே மாலை வகுப்பு நடத்தி பீர் காய்ச்சக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அணுப்பொறியியல் படித்தவர். 1978இல் அவரும் சார்லி மாட்ஸனும் சேர்ந்து அமெரிக்க வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கத்தைத் தொடங்கினார்கள். டிசம்பரில் அதன் பத்திரிகை "ஸைமர்ஜி" வந்தது. மறு ஆண்டே தேசியப் போட்டி. 1984இல் வந்த அவருடைய புத்தகம் ஒரு தலைமுறைக்கே பாடநூல் ஆனது. அதன் பலம் அது ஊட்டிய துணிவில் இருக்கிறது: பதறாதே, சுத்தமாக இரு, மற்றதை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். லாஸ் ஏஞ்சலிஸில் 1974 முதலே மால்டோஸ் ஃபால்கன்ஸ் என்ற குழு கூடிக்கொண்டிருந்தது. ஒருவர் காய்ச்சியதை இன்னொருவர் குடித்துப் பார்த்துக் குறை சொல்லும் பழக்கம் இந்தக் குழுக்களில்தான் வேர்விட்டது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

செய்முறையும் மாறியது. அமெரிக்க வழியில் கசப்பு ஏற்றாத மால்ட் சாற்றை வாங்கி, அடுப்பில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஹாப்ஸை நாமே போட வேண்டும். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலம் நீடித்த கொதியில்தான் கசப்பாக மாறிக் கரையும். மணம் தரும் எண்ணெய்களோ அதே கொதியில் ஆவியாகிவிடும். ஆகவே முதலில் போடுவது கசப்புக்கு, கடைசி நிமிடங்களில் போடுவது மணத்துக்கு. டின்னில் இந்த முடிவை ஆலை எடுத்துவிட்டது. இங்கே காய்ச்சுகிறவர் எடுக்கிறார். சர்க்கரை கிட்டத்தட்ட ஒதுக்கப்பட்டது. இரு நாட்டாரும் ஐந்து கேலன் என்றுதான் சொல்வார்கள்; அமெரிக்க கேலன் சிறியது என்பதால் அங்கே அது 19 லிட்டர்தான்.

இந்த வழியில் பழகியவர்கள் சிலர் சமையலறையோடு நிற்கவில்லை. சிக்கோ நகரில் வீட்டு பீர் சாமான்கள் விற்கும் கடை நடத்திய கென் கிராஸ்மன், 1980இல் சியரா நெவாடா ஆலையில் காய்ச்சத் தொடங்கினார். ஓரிகானில் உருவாக்கப்பட்டு 1972இல் வெளிவந்த காஸ்கேட் ஹாப்ஸின் பம்பளிமாஸ் மணத்தை அவருடைய பேல் ஏல் உலகறியச் செய்தது. பிரிட்டனில் அதே காலத்தில் சிற்றாலை திறந்தவர்களில் முன்னோடி பீட்டர் ஆஸ்டின். 1978இல் ரிங்வுட் ஆலையைத் தொடங்கிய அவர், ஹல் நகர ஆலையில் தொழில் பார்த்தவர். அமெரிக்காவில் வீட்டு அடுப்பிலிருந்து ஆலை வந்தது என்றால், பிரிட்டனில் பழைய ஆலையிலிருந்து புதிய ஆலை வந்தது.

இரண்டு ஓடைகளும் ஒன்றையொன்று தொடாமல் ஓடவில்லை. ஜாக் மக்காலிஃப் அமெரிக்கக் கடற்படை வேலையாக ஸ்காட்லாந்தில் இருந்தபோது, கிளாஸ்கோவில் வாங்கிய சாமான்களை வைத்துத்தான் பீர் காய்ச்சக் கற்றார். 1976இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் அவர் தொடங்கிய நியூ ஆல்பியன் ஆறு ஆண்டுகளில் மூடப்பட்டாலும், பின்னால் வந்த சிற்றாலைகளுக்கு அதுவே முன்மாதிரி. கடன் திரும்பியும் வந்தது. லண்டனில் சீஸ் விற்றுக்கொண்டிருந்த எவின் ஓ'ரியோர்டன், நியூயார்க் போனபோது குடித்த பீர்களால் ஈர்க்கப்பட்டு, வீட்டில் காய்ச்சிப் பழகி, 2009இல் கெர்னல் ஆலையைத் திறந்தார். சிற்றாலைகளுக்கு பிரிட்டன் 2002இல் அறிவித்த வரிச்சலுகை அவரைப் போன்றவர்களுக்குப் பாதையை எளிதாக்கியிருந்தது.

சரி, இன்று தொடங்குகிறவர் என்ன செய்யலாம்? முதலில் வசிக்கும் இடத்துச் சட்டம். பிரிட்டனில் அளவுக் கட்டுப்பாடு இல்லை. விற்கக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கேலன், வயதுவந்தோர் இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கு 200. மாநிலச் சட்டமும் இடம் தர வேண்டும். அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் இடம் தந்தன. உரிமமின்றிச் சாராயம் வடிப்பது இரு நாட்டிலும் குற்றம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி வீட்டில் பீர் காய்ச்சுவதும் குற்றம்தான். ஆகவே நான் சொல்வது லண்டனிலோ டல்லாஸிலோ குடியிருப்பவருக்கு.

செய்முறையில் அமெரிக்க வழியையும், பீர் வகையில் பிரிட்டிஷ் பிட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்களிடம் ஒரு குறை உண்டு: முதல் தடவையே கனமான, போதை மிகுந்த பீருக்கு ஆசைப்படுவது. அதற்கு ஈஸ்ட் அதிகம் வேண்டும், காத்திருப்பும் நீளம். பிட்டரோ நான்கு விழுக்காட்டுக்குள் நிற்கும், சில வாரங்களில் தயாராகிவிடும். 65லிருந்து 68 டிகிரியில் மால்ட் தானியத்தை ஊறவைத்துச் சாறு எடுக்கும் முழுமுறையைச் சில தடவைக்குப் பிறகு பார்க்கலாம். தொடக்கத்தில் கற்க வேண்டியது ஈஸ்ட்டைப் பேணுவதுதான். அதைச் சாற்றிலேயே கற்கலாம்.

250 கிராம் கிரிஸ்டல் மால்ட்டைத் துணிப்பையில் கட்டி, பத்து லிட்டர் நீரில் 70 டிகிரிக்கு மிகாமல் அரைமணி ஊறவிட்டு எடுங்கள். இரண்டு கிலோ உலர்ந்த மால்ட் பொடியைக் கரையுங்கள். திரவச் சாறுபோல அது எளிதில் பழசாகாது. கொதி வந்ததும் கெண்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் 45 கிராம், ஒரு மணி கழித்து அடுப்பை அணைக்கும்போது 20 கிராம். பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் இறக்கிக் குளிரவைத்து, 19 லிட்டர் வரை தண்ணீர் சேர்த்து, 20 டிகிரிக்கு வந்தபின் 11 கிராம் ஏல் ஈஸ்ட். கொதித்து இறங்கியபின் பீரைத் தொடும் எதுவும், கரண்டி முதல் குழாய் வரை, கிருமிநாசினியில் நனைந்திருக்க வேண்டும். இதில் சலுகையே கிடையாது.

அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.040 அருகே காட்டும். இரண்டு வாரத்தில் 1.010 பக்கம் இறங்கும். மூன்று நாள் இடைவெளியில் இருமுறை பார்த்து, எண் மாறாமல் நின்றால்தான் பாட்டிலில் அடைக்கலாம். அவசரப்பட்டால் கண்ணாடி வெடிக்கும். லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரை சேர்த்து அடைத்து, இரண்டு வாரம் அறை வெப்பத்தில் விடுங்கள்.

அடுத்த தடவை ஹாப்ஸை மட்டும் மாற்றுங்கள். கெண்ட் கோல்டிங்ஸுக்குப் பதில் காஸ்கேட், எடை சற்றுக் குறைவாக. மால்ட், ஈஸ்ட், வெப்பம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். முதல் தடவை அடைத்ததில் இரண்டு பாட்டில் மீத்து வைத்திருந்தால், அதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்கலாம்.