உரைகல் சொல்லாத ஊர்

நான் சொல்லப்போகும் தங்கம் பிறந்தது பெரு நாட்டில், அயகுச்சோ மாகாணத்து வறண்ட மலைச்சரிவில். ஊரின் பெயர் சாந்தா பிலோமினா. 1980களில் கெரில்லாக்களுக்கும் ராணுவத்துக்கும் நடுவே அகப்பட்டுச் சொந்த ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள், பிழைக்க வேறு வழியில்லாமல் இங்கே உளி பிடித்தார்கள். குடிதண்ணீருக்கும் லாரியை நம்பியிருந்த மேடு அது. பாறையின் நரம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கிடந்தது தங்கம்.

அதைப் பிரிக்கப் பழைய முறை ஒன்று உண்டு: கிம்பலேத்தே. நம் வீட்டு அம்மிக்குழவி ஒரு பாறாங்கல் அளவுக்கு வளர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஆள் ஏறி நின்று, காலால் இப்படியும் அப்படியும் ஆட்டுவார். அடியில் கல்பொடி, தண்ணீர், பாதரசம். பாதரசம் தங்கத்தைக் கவ்விக்கொள்ளும். துணியில் போட்டுப் பிழிந்தால் வெள்ளி நிறத்தில் ஓர் உருண்டை மிஞ்சும். அதைச் சுட வேண்டியதுதான் பாக்கி. பாதரசம் 357 டிகிரியில் கொதித்துப் பறந்துவிடும். தங்கம் 1,064 டிகிரி வரை உருகாது. இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் ஆபத்து. சமையலடுப்பே போதும் என்பதால் வீட்டுக்குள்ளேயே சுடுவார்கள். புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். மனிதர்கள் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மிகப் பெரிய பங்கு இப்படிப்பட்ட சிறு சுரங்கத் தொழிலிலிருந்தே வருகிறது. 2013இல் கையெழுத்தான மினமாட்டா ஒப்பந்தம் இதைக் குறைக்கச் சொல்கிறது.

சுரங்கத்துக்கு வெளியே கொட்டிய கழிவுக்கல்லில் தங்கம் தேடும் பெண்களுக்குப் பல்யக்கேரா என்று பெயர். கெச்சுவா மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்குப் பொறுக்குதல் என்று பொருள். தட்டார் தெருச் சாக்கடை மண்ணை அலசி அரிப்பவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தப் பெண்களின் முதுகுவலி புரியும்.

சாந்தா பிலோமினாவின் கதை வேறு பக்கம் திரும்பக் காரணம் சோத்ராமி. தொழிலாளர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து 1991இல் தொடங்கிய நிறுவனம். குழந்தைத் தொழிலாளர் முறை ஒழிந்த ஊர் என்று 2004இல் அறிவித்துக்கொண்டார்கள். 2011இல் நியாய வணிகச் சான்றிதழ் கிடைத்தது. இவர்களுடைய ஆலையில் தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு பயன்படுகிறது. பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். சயனைடும் விஷம்தான், ஆனால் தொட்டிக்குள் கட்டிவைக்கலாம், வெயிலில் சிதையும். பாதரசம் சிதைவதே இல்லை.

ஆலையிலிருந்து வெள்ளி கலந்த கட்டியாகத் தங்கம் விமானம் ஏறுகிறது. கூடவே, அதன் ஊரைச் சொல்லும் ஒரு கட்டுக் காகிதமும். காகிதம்தான் இங்கே முக்கியம். சுத்திகரிப்பு ஆலையில் வேறு ஊர்த் தங்கத்தோடு ஒரே மூசையில் உருகிவிட்டால், எது எந்த மலையிலிருந்து வந்தது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. உரைகல்லுக்கு மாற்று தெரியும், ஊர் தெரியாது. ஆகவே இந்தக் கட்டியைத் தனியாகத்தான் உருக்க வேண்டும். தனியாக உருக்கினால் செலவு கூடும். இந்தச் செலவுக்கு அஞ்சித்தான் பெரும்பாலான தங்கம் ஊர்பேர் இல்லாமல் சந்தைக்கு வருகிறது என்பது என் எண்ணம்.

சான்றிதழால் சுரங்கக்காரருக்கு என்ன லாபம்? லண்டன் சந்தை விலையில் குறைந்தது 95 சதவீதம் உறுதி. அதற்குமேல் ஊர்ப்பொதுச் செலவுக்கும் தொழிலை மேம்படுத்தவும் கிலோவுக்கு 2,000 டாலர். நம் கணக்கில் சொன்னால், எட்டு கிராம் சுத்தத் தங்கத்துக்கு 16 டாலர். சேதாரம் என்று கேட்டதும் மறுபேச்சில்லாமல் நாம் எடுத்துக்கொடுக்கும் தொகைக்கு முன்னால் இது எம்மாத்திரம்!

பெருவின் தங்கத்தை அதிகம் வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2021 முதல் நம் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளம் பொறிக்கிறார்கள். அதைக் கைபேசிச் செயலியில் தட்டிப் பாருங்கள். நகைக்கடையின் விவரம், சோதித்த மையம், மாற்று எல்லாம் வரும். சுரங்கத்தின் பெயர் வராது.