ஓடுகளமும் செய்தி ஏடும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று பொருள்களையே நாடுவர். கோயில் ஒன்று, பள்ளிக்கூடம் மற்றொன்று, தொழிற்சங்கம் பிறிதொன்று. இம்மூன்றுக்கும் நடுவே பசும்புல் படர்ந்து கிடந்த பந்துத் திடலை அவர்கள் கண்டும் காணாமல் கடந்து விடுகின்றனர். லிங்கி, ரந்தாவ், லாபு, பாகாவ் வட்டாரங்களில் லயங்களில் வாழ்ந்த மக்களுக்கு மாலைப்பொழுதின் மகிழ்ச்சி அத்திடலில்தான் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்பிய இளைஞர்கள் பொழுது சாயும் வேளையில் அங்கே கூடினர். பந்தும் சடுகுடுவும் அவர்தம் களைப்பைப் போக்கின. பள்ளியின் விளையாட்டு விழாவன்றோ தோட்டமே திரண்டு வந்தது. சாக்கு ஓட்டம், கயிறு இழுத்தல், நூறு கெஜ ஓட்டம் என்று திடல் அதிர்ந்தது.

அத்திடலில் முதலாவதாக ஓடி வந்தவர் யார்? இக்கேள்விக்கு இன்று விடையளிக்க வல்லார் மிகச் சிலரே. பரிசாகக் கிடைத்த கிண்ணம் துருப்பிடித்துப் போயிற்று. பெயர் எழுதிய தாளைச் செல் அரித்தது. ஓடியவரின் கால்களில் குறையேதும் இருந்ததில்லை. எழுத வேண்டிய கைதான் எழுதாமல் விட்டது. விளையாட்டுத் துறையில் தலைமை என்பது போட்டியை நடத்துவதோடு முடிவதன்று. அதனைப் பதிவு செய்து நாடறியச் செய்வதும் அதன் கடமையே என்னும் உண்மையை வரலாறு பலவாறாக உணர்த்துகின்றது.

சென்னையில் தோன்றிய ஒரு நிறுவனத்தின் கதையை இங்கு எண்ணிப் பார்த்தல் பொருந்தும். அமெரிக்கரான ஆரி குரோ பக் என்பார் 1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்தார். உடற்பயிற்சி என்றால் பட்டாளத்துக் கவாத்து என்று பலரும் கருதிய காலம் அது. பள்ளிப் பிள்ளைக்கு விளையாட்டும் கல்வியே என்னும் கொள்கையை அவர் ஆசிரியர்களிடையே விதைத்தார். பாரிசு நகரில் 1924ஆம் ஆண்டு நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியக் குழுவின் மேலாளராகச் சென்றதும், 1927ஆம் ஆண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாவதற்குத் துணை நின்றதும் அவர்தம் பணிகளுள் சில.

கல்லூரி கண்டதோடு பக் அமைந்துவிடவில்லை. ‘வியாயாம்’ என்னும் உடற்கல்வி இதழையும் அவர் நடத்தினார். சென்னையில் நூறு பேருக்குக் கற்பிப்பதைத் தொலைவூரில் தனித்துப் பணியாற்றும் ஆசிரியருக்கும் எட்டச் செய்ய வேண்டுமாயின் ஏடு ஒன்று தேவை என்பதை அவர் அறிந்திருந்தார். 1943ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் நிறுவிய கல்லூரி நந்தனத்தில் இன்றும் இயங்குகின்றது. களத்தையும் ஏட்டையும் இரு கண்களாகக் கொண்ட தலைமைக்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு எனில் மிகையாகாது.

இனி மலேசிய மண்ணுக்கு வருவோம். கோலகங்சாரில் 1943ஆம் ஆண்டு பிறந்த மணி ஜெகதீசன் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். ரோம் (1960), தோக்கியோ (1964), மெக்சிக்கோ நகரம் (1968) ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் அவர் ஓடினார். 1962ஆம் ஆண்டு ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1966ஆம் ஆண்டு பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் அஞ்சலோட்டம் என மூன்று தங்கங்களைப் பெற்றார். அப்போது அவர் மருத்துவப் படிப்பை இன்னும் முடித்திருக்கவில்லை. அடுத்த ஆண்டே பட்டம் பெற்றார். நூலும் ஓட்டமும் ஒன்றையொன்று பகைப்பவை அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அதே பாங்காக் போட்டியில் தாப்பாவில் பிறந்த மா. ராஜாமணி பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவ்வாண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீரராகவும் வீராங்கனையாகவும் இவ்விருவருமே தேர்ந்தெடுக்கப் பெற்றனர்.

ஜெகதீசனைப் ‘பறக்கும் மருத்துவர்’ என்று செய்தித்தாள்கள் அழைத்தன. அப்பெயர் நாடெங்கும் பரவிற்று. பட்டப் பெயரினும் பெரிதாக ஏடுகள் செய்த தொண்டு வேறொன்று உண்டு. மெக்சிக்கோ நகரில் அவர் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடிய செய்தியை அவை எழுதி வைத்தன. அவ்வெண் அழியாது நின்றதனால்தான் அடுத்தடுத்த தலைமுறையினர் அதனைக் குறியாகக் கொண்டு ஓடினர். 49 ஆண்டுகள் நிலைத்த அச்சாதனையை 2017ஆம் ஆண்டு கைருல் ஹாபிஸ் ஜந்தான் 20.90 வினாடியில் ஓடி முறியடித்தார். எழுதப்பட்ட சாதனைதான் முறியடிக்கப்படும்; எழுதப்படாத சாதனையோ மறக்கப்படும். தோட்டத் திடல்களில் நிகழ்ந்தது இரண்டாவதே.

தோட்ட மக்களுக்கு ஏடுகள் இல்லாமலில்லை. ‘தமிழ் நேசன்’ 1924ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தோன்றியது. 2019ஆம் ஆண்டு நிற்கும் வரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தமிழரின் வாழ்வைப் பதிவு செய்தது. கோ. சாரங்கபாணியார் நடத்திய ‘தமிழ் முரசு’ 1935ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்து மலாயாத் தோட்டங்களெங்கும் படிக்கப் பெற்றது. அதன் மாணவர் மணிமன்றப் பகுதி இளையோரை எழுத வைத்தது. எழுதியோர் ஊர்தோறும் மன்றம் கண்டனர். ஒருவர் வாங்கிய ஏட்டை ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்ட காலம் அது. படித்தவர் பெரும்பாலும் தோட்டத்துக் கிராணியாகவோ பள்ளி ஆசிரியராகவோ இருந்தார்.

ஏட்டின் ஆற்றலை நன்குணர்ந்த தலைமை நெகிரி செம்பிலானிலேயே எழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இம்மாநிலத் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாக இணைத்த பி.பி. நாராயணன், பின்னர் 1954ஆம் ஆண்டு பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் பொதுச் செயலாளரானார். அச்சங்கம் ‘சங்கமணி’ என்னும் தமிழ் ஏட்டை நடத்தியது. கூலிப் பேச்சுவார்த்தையில் நடந்தது என்ன என்பதை லயத்தில் வாழும் தொழிலாளி தன் மொழியிலேயே அறிதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். கூலிக்காகப் பேசிய தலைமை ஏட்டைக் கருவியாகக் கொண்டது. திடலில் பேசிய தலைமையோ பெரும்பாலும் ஒலிபெருக்கியோடு நின்றுவிட்டது. இவ்வேறுபாடு சிந்தனைக்குரியது.

தோட்டப் பள்ளிகள் எளிய நிலையில் தோன்றியவை. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகளேனும் இருக்குமிடத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதனால் எழுந்த ஓரறைப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளுக்கும் கற்பித்தார். பிற்பகலில் திடலில் கோடு போட்டவரும் அவரே. ஊதுகுழல் ஊதியவரும் அவரே. பள்ளிச் செய்தியை ஏட்டுக்கு எழுதி அனுப்பியவர்களுள்ளும் இத்தகைய ஆசிரியர்கள் இருந்தனர். ஆதலின் தோட்டத்து விளையாட்டுத் தலைமையும் செய்தித் தொடர்பும் பல இடங்களில் ஒருவர் தோளிலேயே அமைந்தன.

அச்செய்திகள் எவ்வாறு அமைந்தன என்பதையும் மறைக்காமல் கூறல் வேண்டும். விழாவுக்கு வந்த பிரமுகரின் பெயர் முதலில் வரும். அவருக்குப் பொன்னாடை போர்த்தியவர் பெயர் அடுத்து வரும். நன்கொடையாளர் பட்டியல் தொடரும். ஓடி வென்ற பிள்ளையோ ‘மாணவர்கள் பலரும் பரிசு பெற்றனர்’ என்னும் ஒரே தொடருக்குள் மறைந்து போவான். படத்திலும் கிண்ணத்தை நீட்டும் கை தெளிவாகத் தெரியும்; வாங்கும் முகம் ஓரத்தில் பாதி வெட்டுண்டிருக்கும். இப்பழக்கம் இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. தலைவர் தம்மை விளம்பரப்படுத்திக் கொள்வதைச் செய்தித் தொடர்பு என்று கருதிய பிழையே இதற்குக் காரணம். பிறர் உழைப்புக்கு ஒளி கூட்டுவதே உண்மையான தலைமைக்கு அழகு.

சொல்ல வேண்டியதைச் சொல்வது ஒரு கடமை எனில், சொல்லத் தகாத வேளையில் வாய் காப்பது மற்றொரு கடமை. ஊக்கமருந்துச் சோதனை முறை இதனைத் தெளிவாகக் காட்டும். வீரரின் சிறுநீர் இரு புட்டிகளில் பிரித்து முத்திரையிடப்படும். முதற் புட்டியில் குற்றம் தென்பட்டாலும் வீரர் இரண்டாம் புட்டியையும் சோதிக்குமாறு கேட்கலாம். உறுதிப்படாத செய்தியைக் கசிய விடுதல் குற்றமற்ற ஒருவரின் வாழ்வைக் குலைத்துவிடக் கூடும். அதே வேளையில், உறுதியான உண்மையை மூடி மறைத்தலும் தீது. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடிய கனடா வீரர் பென் ஜான்சன், மூன்று நாளில் தங்கத்தை இழந்தார். உலகமே போற்றிய வெற்றி பொய்யெனத் தெரிந்ததும் அதனை உலகறியவே அறிவித்தனர். வசைக்கு அஞ்சி மறைத்திருந்தால் விளையாட்டின் நம்பகமே பாழாகியிருக்கும். ஓட்டக்களத்தை விட்டபின் மருத்துவராகவும் விளையாட்டு மருத்துவக் குழுக்களின் பொறுப்பாளராகவும் ஜெகதீசன் ஆற்றிய பணி இத்துறையைச் சார்ந்ததே என்பது குறிப்பிடத்தக்கது.

இவை யாவும் பெரிய அரங்குகளுக்கே உரியவை என்று ஒதுக்குதல் கூடாது. நெகிரி செம்பிலானின் தோட்டங்கள் விரைவாக மறைந்து வருகின்றன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நின்றது. செம்பனை நின்ற இடங்கள் பலவற்றில் இன்று வீடமைப்புப் பகுதிகள் நிற்கின்றன. சிரம்பானைச் சுற்றியும் நீலாய் வட்டாரத்திலும் தோட்ட நிலங்கள் நகர்களாக மாறிவிட்டன. லயங்கள் இடிபட்டன, மக்கள் சிதறினர், பள்ளிகள் சில புதிய இடங்களுக்குப் பெயர்ந்தன. பள்ளியைப் பெயர்த்துச் செல்லலாம். திடலைப் பெயர்த்துச் செல்ல இயலாது. அதில் ஓடியவரின் நினைவு ஏட்டில் ஏறினாலன்றி எங்கும் தங்காது.

ஆதலின் பள்ளிதோறும் விளையாட்டுப் பதிவேடு ஒன்று இருத்தல் வேண்டும். ஆண்டு, போட்டி, வென்றவர் பெயர், நேரம், தொலைவு ஆகியவற்றைப் பிழையின்றிக் குறித்து வைக்க அதிகப் பொருட்செலவு ஏதுமில்லை. நாளிதழுக்கு அனுப்பும் செய்தியில் பிள்ளையின் பெயர் முதலிலும் பிரமுகரின் பெயர் இறுதியிலும் அமையட்டும். தோல்வியையும் நாணாமல் எழுதுதல் நலம். இவ்வாண்டு தோற்றவன் மறு ஆண்டு வென்றதை அறிய அதுவே சான்றாகும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வானளாவப் புகழ்ந்து அவன் தலையில் சுமை ஏற்றுதலும் தவிர்க்கப்பட வேண்டும். முன்னாள் மாணவர்களான முதியவர்களை மாணவர்கள் அணுகி, அக்காலத் திடலின் செய்திகளைக் கேட்டு எழுதுவாராயின், அதுவே சிறந்த வரலாற்றுப் பயிற்சியாகவும் மொழிப் பயிற்சியாகவும் அமையும்.

அம்முதியோரின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றது. பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெறுங்காலோடு திடலுக்கு ஓடி வந்த அந்த இளைஞனின் பெயரை அறிந்தவர் இன்னும் யாரேனும் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கக் கூடும். அவர் சொல்வதற்கு ஆயத்தமாகவே இருப்பார். கேட்டு எழுதுவாரைத்தான் வரலாறு எதிர்பார்த்து நிற்கின்றது.