ஆறு வயதில் கப்பலேறிய பெண்

ஜப்பானியர் பேச்சை எடுத்தால் நம் தோட்டத்துப் பெரியோர் முகஞ் சுளிப்பது நியாயமே. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதையில் மாண்டாரை மறக்க எவருக்கு மனம் வரும்? ஆயினும், அதற்கு எழுபது ஆண்டுகட்கு முன் அந்நாட்டார் கல்வி விஷயத்திற் செய்ததொரு காரியத்தை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

1868ல் ஏற்பட்ட புதிய அரசாங்கத்தார், உலகெங்கணுமிருந்து அறிவைத் தேடிக் கொணர்வதெனப் பிரதிக்கினை செய்தனர். 1871 டிசம்பரில் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட இவாகுரா தூதுக்குழுவின் கப்பலில், மாணவர் பலரோடு ஐந்து சிறுமியரும் சென்றனர். பத்தாண்டு தங்கிப் படித்துவர வேண்டுமென்பது ஏற்பாடு, செலவு அரசாங்கத்தாருடையது. ஐவரில் இளையவள் சுடா உமேகோ. வயது ஆறு! அவ்வயதுப் பெண்ணை அடுத்த தோட்டத்துக்குத் தனியே அனுப்ப நம்மில் எவர் துணிவர்?

மறு ஆண்டே, ஆணும் பெண்ணும் கற்க வேண்டுமெனக் கல்விச் சட்டம் பிறந்தது. சட்டத்தால் மட்டும் மனம் மாறிவிடுமா? 1873ல் பள்ளி சென்ற ஆண்பிள்ளைகள் 100க்கு 40 பேர்; பெண்பிள்ளைகளோ 15 பேரே. பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினவரும் உண்டு.

நிற்க. ஐவரில் மூத்தோர் இருவர் உடல்நலமின்றி விரைவிலேயே திரும்பினர். வாஷிங்டன் நகரில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் வளர்ந்த உமேகோ, 1882ல், தமது பதினேழாம் வயதில் ஊர் மீண்டார். தாய்மொழி மறந்து போயிற்று. பெற்ற தாயோடு பேச மொழியின்றித் தவித்தார். அதனினுங் கொடியது வேறொன்று. அந்நிய நாட்டிற் படித்து மீண்ட ஆடவருக்கு உத்தியோகங்கள் காத்திருந்தன. இவருக்கோ ஒன்றுமில்லை. பெண்ணைப் படிப்பிக்கப் பணஞ் செலவிட்டவர்கள், படித்து வரும் பெண்ணுக்கு என்ன வேலை கொடுப்பதென ஒரு நாழிகையேனும் யோசித்தாரில்லை.

இதனைப் படித்தபோது என் தாயார் நினைவு வந்தது. அவர்தம் தமையன்மார் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போயினர். அவரோ தோட்டப் பள்ளியோடு நின்று, பின்னர் பால்மரம் வெட்டினார். அக்கூலியிற் படித்தே நான் கிராணியானேன். உமேகோவின் வரலாற்றை அவரிடம் சொன்னேன். படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தாய் எப்படி மனம் வந்து அனுப்பினாள் என்று மட்டும் கேட்டார்.

உமேகோ அம்மையார் சோர்ந்திருக்கவில்லை. பிரபு குலப் பெண்களின் பள்ளியொன்றில் 1885 முதல் ஆசிரியையாயிருந்தார். 1889ல் மறுபடியும் அமெரிக்கா சென்று, பிரின்மார் கல்லூரியில் உயிர்நூல் கற்றார். பெண்கள் ஆசிரியைகளாகித் தம் உழைப்பால் வாழ வேண்டுமென்ற நோக்கத்துடன், 1900ல் தோக்கியோவில் பத்து மாணவியரோடு ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். அப்பள்ளியே இன்று சுடா பல்கலைக்கழகமாய் விளங்குகிறது. 2024ல் வெளிவந்த 5,000 யென் நோட்டில் அவ்வம்மையாரின் உருவம் பொறிக்கப்பட்டிருக்கிறது.